காலி டிரம்மும் ஒரு பிரெஞ்சுக்காரரும்

மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை மாணவன்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று பேரவைச் செயலாளர் என் ஹாஸ்டல் கதவைத் தட்டினான். கவிதை மட்டும் வேண்டாம், காதல் கவிதையே நாற்பது வந்து குவிந்து கிடக்கிறது என்று கையோடு சொல்லியும்விட்டான். தப்பித்தீர்கள்! அதனால் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். 1962-லேயே காலமாகிவிட்டவர். பெயர் யூஜின் ஹூட்ரி. எண்ணெய்ச் சுத்திகரிப்புத் துறையில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் நம் மெக்கானிக்கல் வகுப்பில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் முழிப்போம். அவரும் நம்மைப் போல மெக்கானிக்கல்தான் என்பது இதில் கூடுதல் வெட்கம். நானும் முழித்தவன்தான். எங்கே முழித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்-பிளாண்ட் டிரெயினிங்குக்காக நானும் இரண்டு நண்பர்களும் காவிரிப் படுகைப் பக்கம் ஒரு கேஸ் கம்ப்ரஸர் நிலையத்துக்குப் போயிருந்தோம். யாருடைய நிலையம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கேஸ் கிணறு வயசாக வயசாக அதன் மூச்சு தளர்ந்துவிடும். அந்த அழுத்தத்தில் கேஸ் பெரிய குழாய்க்குள் ஏறாது. அதனால் ரெசிப்ரொகேட்டிங் கம்ப்ரஸரில் மூன்று கட்டமாக அமுக்கி ஏற்றுகிறார்கள். அந்தக் கம்ப்ரஸரைச் சுற்றுவதும் ஒரு கேஸ் எஞ்சின்தான். கிணற்றில் வருகிற கேஸிலேயே கொஞ்சத்தை எடுத்துக் குடித்துவிட்டு மீதியை அமுக்கித் தள்ளும். ஷெட்டுக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. பன்னிரண்டு சிலிண்டர் சத்தம்!

அங்கே இரவு ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் எங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்த பாதி கம்ப்ரஸர் அவர் கொடுத்ததுதான். ஆனால் காற்று திரும்பி அடிக்கிற ராத்திரிகளில் எக்ஸாஸ்ட் கீழே இறங்கும். அப்போது அவர் நெற்றியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். கண் எரியும், தலை பிளக்கும் என்பார். பத்து வருஷமா இப்படித்தானா அண்ணே என்று கேட்டேன். இல்லை தம்பி, ஒரு ரெண்டு வருஷமாத்தான் என்றார்.

எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கும் சைலன்ஸருக்கும் நடுவில் பளபளவென்று ஒரு ஸ்டெயின்லெஸ் டிரம் இருந்தது. அது என்ன என்று அவர் எங்களைத் திருப்பிக் கேட்டார். மூன்று பேரும் முழித்தோம். பதில் சொல்லாமல் பெரிய ரிங் ஸ்பேனர் ஒன்றை எடுத்தார். நிறுத்தி வைத்திருந்த இரண்டாவது எஞ்சினின் டிரம்மில் லேசாகத் தட்டினார். டொக் என்றது. பிறகு முதல் எஞ்சின் நிற்கிற நாளில் கூப்பிட்டு அதன் டிரம்மில் தட்டிக் காட்டினார். டங்ங்... கோவில் மணி மாதிரி. உள்ளே ஒன்றுமே இல்லை!

விஷயம் இதுதான். அந்த டிரம்முக்குள் தேன்கூடு போல ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன துவாரங்கள் கொண்ட ஒரு வட்டமான கட்டை இருக்க வேண்டும். அதுதான் வினையூக்கி, அவர்கள் பாஷையில் கேட்டலிஸ்ட். கேஸ் எஞ்சினுக்கென்று சாம்பல் குறைவான ஒரு லூப் ஆயில் உண்டு. செலவைப் பார்த்து யாரோ டீசல் எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்லிவிட்டார்கள். அதில் இருக்கிற கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எல்லாம் வெந்து சாம்பலாகித் துவாரங்களில் அப்பிக்கொண்டது. பேக் பிரஷர் ஏறியது, எஞ்சின் லோடு எடுக்கவில்லை. உடனே கண்டுபிடித்த வைத்தியம், கட்டையை உருவிப் போட்டுவிட்டு வெறும் டிரம்மை மூடி போல்ட் போட்டதுதான். கட்டை ஸ்கிராப் ஷெட்டில் கோணிப்பையில் சுற்றிக் கிடந்தது. நான் விரலால் தடவிப் பார்த்தேன். விபூதி மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

இதைப் பார்த்துவிட்டு வந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரெயினிங் ரிப்போர்ட்டைப் போன பேட்ச் சீனியருடையதைப் பார்த்து அப்படியே எழுதினேன். பதினாலாம் பக்கத்தில், எஞ்சினின் வினையூக்கி மாற்றி சிறப்பாக இயங்கி வருகிறது என்று என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். நல்ல மார்க்கும் வந்தது.

அப்புறம்தான் மனசு உறுத்தியது. எங்கள் துறைத்தலைவரிடம் போய் இந்த வினையூக்கியை யார் சார் முதலில் எக்ஸாஸ்டில் வைத்தது என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் சொன்ன பெயர்தான் ஹூட்ரி. அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்ததைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

யூஜின் ஹூட்ரி 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி பாரிஸுக்குப் பக்கத்தில் தொமோன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குச் சொந்தமாக எஃகுத் தொழிற்சாலை இருந்தது. பையன் பாரிஸில் இயந்திரவியல் படித்து 1911-ல் வெளியே வந்தபோது வகுப்பிலேயே முதல் மாணவன், தங்கப் பதக்கம். அத்தோடு கல்லூரிக் கால்பந்து அணிக்குக் காப்டனும் அவர்தான். (படிப்பும் விளையாட்டும் ஒன்றாக வராது என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் இதைப் படிக்கவும்!) படிப்பு முடிந்து அப்பாவின் தொழிற்சாலையிலேயே சேர்ந்தார். எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தால் பணக்கார முதலாளியாக வாழ்ந்து போயிருப்பார். நமக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஹூட்ரி பிரெஞ்சு டாங்கிப் படையில் லெப்டினன்ட் ஆனார். டாங்கி என்பதே அப்போது புத்தம் புதிய சமாச்சாரம். 1917 ஏப்ரலில் ஜுவான்கூர் என்ற இடத்தில் பிரான்ஸ் முதன்முதலாகத் தன் டாங்கிகளைச் சண்டைக்கு இறக்கியது. நின்றுபோன டாங்கிகளைக் குண்டு மழைக்கு நடுவிலேயே ரிப்பேர் செய்ய ஏற்பாடு பண்ணினார் ஹூட்ரி. படுகாயமும் பட்டார். வீரப் பதக்கம் கிடைத்தது, நாட்டின் உயர்ந்த விருதான லெஜியன் ஆஃப் ஹானரும் கிடைத்தது. ஒர்க்‌ஷாப்பில் ஏசி கேட்கிற நம் கூட்டத்தை அந்த இடத்தில் வைத்து நினைத்துப் பார்த்தேன்... வேண்டாம், விடுங்கள்.

போர் முடிந்து வந்தவருக்குக் கார் ரேஸ் பைத்தியம் பிடித்தது. புகாட்டி கார் வைத்திருந்தார். 1922-ல் அமெரிக்கா போய் இண்டியானாபொலிஸ் ஐந்நூறு மைல் பந்தயத்தையும் ஃபோர்டு கார் தொழிற்சாலையையும் பார்த்துவிட்டு வந்தார். எஞ்சினைப் பார்க்கப் போனவர் மனசில் தங்கியது எரிபொருள். எஞ்சினை என்னதான் மேம்படுத்தினாலும் பெட்ரோல் மட்டமாக இருந்தால் நாக்கிங்தானே வரும்? நல்ல பெட்ரோல் வேண்டும். அதுவும் பிரான்ஸில் எண்ணெய்க் கிணறு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இருந்தது பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியில் எடுக்கிறோமே, அதே ஜாதிதான்.

பிருதோம் என்ற மருந்துக் கடைக்காரர் ஒருவர் பழுப்பு நிலக்கரியிலிருந்து வினையூக்கியைக் கொண்டு பெட்ரோல் எடுப்பதாகக் கேள்விப்பட்டு ஹூட்ரி அவரோடு சேர்ந்தார். வேதியியல் அவர் படித்த பாடம் இல்லை. ஆனாலும் இறங்கிவிட்டார். அப்பா சேர்த்த சொத்து ஆராய்ச்சிக் கூடத்துக்குள் கரைய ஆரம்பித்தது. 1929-ல் தென் பிரான்ஸில் ஒரு நாளைக்கு 60 டன் நிலக்கரியைப் பயன்படுத்துகிற சோதனை ஆலையே ஓடியது. பெட்ரோல் வந்தது! ஆனால் அடக்க விலை கட்டுப்படியாகவில்லை. அரசாங்கம் கையை விரித்தது, ஆலையை மூடினார்கள். இத்தனை வருஷ உழைப்பு, இத்தனை பணம், போச்சு!

ஆனால் முழுக்கப் போகவில்லை. அதற்குள் அவர் கவனம் நிலக்கரியிலிருந்து கச்சா எண்ணெயின் அடிக் கசண்டுக்குத் திரும்பியிருந்தது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் கொஞ்சம்தான் பெட்ரோல் வரும், மீதி கனமான எண்ணெய். அதை வெறும் சூட்டிலும் அழுத்தத்திலும் உடைக்கிற முறை அப்போதே இருந்தது. ஹூட்ரி நூற்றுக்கணக்கான பொருள்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த ஒருவகைக் களிமண்ணில் வந்து நின்றார். அதன் மேல் எண்ணெய் ஆவியைச் செலுத்தினால் மூலக்கூறுகள் உடைந்து அருமையான பெட்ரோல். அதைத் தன் புகாட்டியிலேயே ஊற்றி ஓட்டிப் பார்த்தார். நாக்கிங் இல்லை!

வினையூக்கி என்றால் என்ன என்று கேட்கிற முதலாமாண்டுத் தம்பிகளுக்காக ஒரு வார்த்தை. நம் ஊர்க் கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் சேர்த்து வைப்பார். தாலி கட்டினதும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் எந்தக் குடும்பத்திலும் சேருவதில்லை, ஆனால் அவர் இல்லாமல் அந்தக் கல்யாணமும் லேசில் நடப்பதில்லை.

ஹூட்ரியின் தரகருக்கு ஒரு சிக்கல் இருந்தது. எண்ணெய் உடையும்போது கரி உண்டாகிக் களிமண் மேல் படிந்துவிடும். அடிப்பிடித்த வாணலி மாதிரி, அதற்கு மேல் சமையல் நடக்காது. மற்றவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் வினையூக்கியே வேண்டாம் என்று ஓடினார்கள். ஹூட்ரி மெக்கானிக்கல் ஆள் ஆயிற்றே! வாணலியைத் தூக்கிப் போடவில்லை, தேய்க்க வழி பண்ணினார். ஒன்றுக்கு மூன்று கலன்களாக வைத்தார். ஒன்றில் எண்ணெய் உடையும். அதே நேரம் இன்னொன்றில் காற்றை விட்டுக் கரியை எரித்துச் சுத்தம் செய்வார்கள். ஏறத்தாழ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டைமர் வைத்த மோட்டார் வால்வுகள் தானாக மாறும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கரி எரியும்போது சூடான புகை வருகிறது இல்லையா? அதைச் சும்மா வெளியே விடவில்லை. ஸ்விட்சர்லாந்து பிரவுன் பொவேரி கம்பெனியின் டர்பைன் ஒன்றில் செலுத்தினார்கள். அந்த டர்பைன் ஒரு கம்ப்ரஸரைச் சுற்றியது. கரியை எரிக்கத் தேவையான காற்றை அந்தக் கம்ப்ரஸரே அமுக்கிக் கொடுத்தது. புகையே தன்னை எரிக்கிற காற்றை அமுக்குகிறது! கேஸ் டர்பைன் என்ற இயந்திரம் தொழிற்சாலைக்குள் முதலில் நுழைந்த வாசல்களில் இது ஒன்று. பின்னாளில், 1949-ல், அமெரிக்காவில் இயற்கை எரிவாயுக் குழாயின் கம்ப்ரஸரைச் சுற்றவே கேஸ் டர்பைன் வந்துவிட்டது. தெர்மல் பேப்பரில் பிரேட்டன் சைக்கிள் வரைந்து கைவலித்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சரி, கதைக்கு வருகிறேன். பிரான்ஸில் யாரும் பணம் போடத் தயாரில்லை. 1930-ல் அமெரிக்காவின் வேக்குவம் ஆயில் கம்பெனி கூப்பிட்டது. குடும்பத்தோடு கப்பல் ஏறினார். போன நேரம் பாருங்கள், பெரும் பொருளாதார மந்தம்! கம்பெனியே இன்னொன்றோடு இணைந்துபோனது, ஆராய்ச்சிப் பணம் சுருங்கியது. 1933-ல் சன் ஆயில் கம்பெனி கை கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. 1936-ல் நியூஜெர்ஸியின் பால்ஸ்பரோவில் நாளைக்கு 2,000 பேரல் ஆலை. 1937-ல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கில் 12,000 பேரல் ஆலை. கனமான எண்ணெயில் ஏறத்தாழ பாதி நல்ல பெட்ரோலாக வந்தது. பழைய சூட்டு முறையில் கால்வாசிதான். வருஷத்தைக் கணக்குப் போட்டால் நிலக்கரியில் இறங்கியதிலிருந்து இந்த இடத்துக்கு வர அவருக்குச் சுமார் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. ஒரு அரியருக்கே படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்தவன் நான்.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கு நூறு ஆக்டேன் பெட்ரோல் தேவைப்பட்டது. போரின் ஆரம்ப ஆண்டுகளில் வினையூக்கி முறையில் வந்த பெட்ரோலில் பெரும்பங்கு ஹூட்ரி ஆலைகளிலிருந்து வந்ததுதான். 1942-ல் வேறு கம்பெனிகள் தூளான வினையூக்கியைப் பாய விடுகிற முறையைக் கொண்டு வந்து அவரை முந்தின. அது தொழிலில் சகஜம். ஆனால் அந்தப் போரில் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. மார்ஷல் பெதேன் தலைமையில் விஷி நகரத்தில் ஒரு பணிந்துபோன அரசாங்கம் அமைந்தது. அமெரிக்காவில் வசதியாக உட்கார்ந்திருந்த ஹூட்ரி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. என்றும் பிரான்ஸ் என்ற பொருள்படும் பெயரில் ஒரு அமைப்புக்குத் தலைவராகி, தெ கால் பக்கம் நின்று, விஷி அரசை வெளிப்படையாக எதிர்த்தார். எந்த நாட்டுக்காகக் குண்டடி பட்டாரோ அந்த நாட்டின் குடியுரிமையையே விஷி அரசு பறித்துவிட்டது. 1942-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

போர் முடிந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பணம், புகழ் எல்லாம் வந்தாயிற்று. இந்த இடத்தில்தான் நம் டிரம் கதைக்குள் வருகிறது.

1943 கோடையிலேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கண் எரிச்சல் தருகிற பழுப்புப் புகைமூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது. 1948 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டொனோரா என்ற ஊரில் உலைப் புகை நாள்கணக்கில் அசையாமல் தங்கி இருபது பேர் இறந்தார்கள். ஆர்யே ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி 1950-களின் ஆரம்பத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் மர்மத்தை உடைத்தார். எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று காட்டினார். ஹைட்ரோகார்பன் எங்கிருந்து வருகிறது? எண்ணெய் ஆலையிலிருந்தும் கார் எக்ஸாஸ்டிலிருந்தும். அதாவது ஹூட்ரி எந்தப் பெட்ரோலைப் பெருக்கிக் கொடுத்தாரோ அந்தப் பெட்ரோலின் புகையிலிருந்து!

நான் பெட்ரோல்தான் கொடுத்தேன், புகைக்கு நான் பொறுப்பா என்று அவர் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் 1950-ல் ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்று தனியாக ஒரு கம்பெனியே தொடங்கிவிட்டார். வண்டிப் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. சின்னச் சின்னப் பீங்கான் குச்சிகள், அவற்றின் மேல் அலுமினாவும் பிளாட்டினமும் கலந்த மெல்லிய பூச்சு. அந்தக் குச்சிகளுக்கு நடுவே சூடான புகையை விட்டால் தீச்சுவாலை இல்லாமலேயே கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் எரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். முதலில் தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் வைத்தார். அடுத்து கோடவுனுக்குள் ஓடுகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில். மூடின இடத்தில் வேலை செய்கிற ஆள்தானே முதலில் மயங்கி விழுவான்! இதைப் படித்தபோது எனக்கு வேப்பமரத்தடி அண்ணன் ஞாபகம் வந்தது.

காருக்கான வினையூக்கி மாற்றிக்கு 1956-ல் காப்புரிமை கிடைத்தது. அவ்வளவுதான், எல்லாக் காரிலும் வந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரு காரில்கூட வரவில்லை என்றே சொல்லலாம்! காரணம் ஈயம். நாக்கிங் வராமல் இருக்க அந்தக் காலப் பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் கலப்பார்கள். அந்த ஈயம் எரிந்து போய் பிளாட்டினத்தின் மேல் பூசிக்கொள்ளும். தரகரின் வாயைப் பொத்திக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. ஃபோர்க்லிஃப்டில் ஈயமில்லாத மட்டமான பெட்ரோல் ஊற்றியதால் அங்கே வேலை செய்தது, காரில் செத்துப்போனது. தான் வேலை செய்த எண்ணெய்த் துறையே தன் பெட்ரோலில் கலந்து விற்ற ஈயம், தன் கடைசிக் கண்டுபிடிப்பைக் கண் முன்னாலேயே கொன்றதை ஹூட்ரி பார்த்தார். நூற்றுக்கு மேல் காப்புரிமைகள் வாங்கியவர், 1959-ல் பெர்க்கின் பதக்கம் பெற்றவர், 1962 ஜூலை 18-ஆம் தேதி எழுபதாவது வயதில் பென்சில்வேனியாவில் காலமானார். அவருடைய மாற்றி பொருத்திய கார்கள் சாலையில் ஓடி அவர் பார்க்கவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1975 மாடல் கார்களில் அமெரிக்காவில் அது வந்தே தீர வேண்டியதாயிற்று. அதற்காகவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு மாற்றியும் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தன. 2000-ல் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக 2021-ல் அல்ஜீரியா அதை நிறுத்தியது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஹூட்ரியின் மாற்றி கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையும்தான் எரித்தது, நைட்ரஜன் ஆக்ஸைடை ஒன்றும் செய்யவில்லை. அதையும் சேர்த்து மூன்றையும் ஒரே கட்டையில் அடக்கியது 1970-களில் எங்கல்ஹார்ட் கம்பெனியில் ஜான் மூனி, கார்ல் கீத் கூட்டணி. அதுதான் த்ரீ-வே கேட்டலிஸ்ட். நைட்ரஜன் ஆக்ஸைடில் இருக்கிற ஆக்ஸிஜனைப் பிடுங்கி கார்பன் மோனாக்ஸைடுக்குக் கொடுத்துவிடும். ஒருவன் திருடியதைப் பிடுங்கிப் பசித்தவனுக்குக் கொடுக்கிற சினிமா ஹீரோ மாதிரி! ஆனால் இந்த ஹீரோவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் அரை சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அதனால் காற்றும் கேஸும் கலக்கிற விகிதத்தை, மீத்தேனுக்கு எடைக்கு எடை ஏறத்தாழ 17-க்கு 1 என்ற இடத்தில், இம்மி பிசகாமல் பிடித்து வைக்க வேண்டும். எக்ஸாஸ்டில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், அது சொல்கிறபடி கேஸைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர், இரண்டும் சேர்ந்தால்தான் டிரம்முக்கு உயிர்.

கேஸ் கம்ப்ரஸர் எஞ்சின்களுக்கு இந்த டிரம் வந்தது இப்படித்தான். கலிபோர்னியாவின் தென்கடற்கரை மாவட்டத்தில் 1990-லேயே நிலையாக நிற்கிற எஞ்சின்களுக்குத் தனி விதி போட்டார்கள். 2004, 2008 ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதற்குமான விதிகள் வந்தன. விகிதம் சரியாக இருக்கிற எஞ்சினில் த்ரீ-வே கட்டை நைட்ரஜன் ஆக்ஸைடில் 90 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிடும். காற்றை அதிகமாக விட்டு ஓட்டுகிற லீன்-பர்ன் எஞ்சினில் த்ரீ-வே வேலை செய்யாது. அங்கே ஆக்ஸிஜனேற்றும் கட்டை மட்டும் வைத்து கார்பன் மோனாக்ஸைடையும் ஃபார்மால்டிஹைடையும் எரிக்கிறார்கள். அந்தக் கட்டை ஹூட்ரியின் பீங்கான் குச்சிக்கு நேர் பேரன். கண் எரிகிறது என்று அண்ணன் சொன்னாரே, கண்ணை எரிக்கிறதில் ஃபார்மால்டிஹைடுக்கு நல்ல பங்கு உண்டு. தலைவலிக்கு கார்பன் மோனாக்ஸைடு ஒன்றே போதும்.

மீத்தேன் மட்டும் பிடிவாதக்காரப் பிள்ளை. எளிதில் எரியாது, கட்டையைத் தாண்டி ஓடிவிடும். அது எக்ஸாஸ்டில் மட்டுமா வருகிறது? பிஸ்டன் ராடு சிலிண்டரை விட்டு வெளியே வருகிற இடத்தில் பேக்கிங் வளையங்கள் தேயத் தேய, அமுக்கின கேஸ் அந்தச் சந்தில் சத்தமில்லாமல் கசியும். அமெரிக்காவில் 2012-ல் வந்த விதி, புதுக் கம்ப்ரஸர்களில் அந்தப் பேக்கிங்கை 26,000 மணி நேரத்துக்கு ஒரு தடவை அல்லது 36 மாதத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும் என்றது. இதற்கு பிளாட்டினமும் வேண்டாம், விஞ்ஞானியும் வேண்டாம். ஸ்பேனரும், லாக் புத்தகத்தில் நேர்மையாக எழுதின மணிக்கணக்கும் போதும்.

நேர்மையாக எழுதின... இந்த வார்த்தையை எழுதும்போது பேனா கொஞ்சம் தடுக்கிவிட்டது.

போன மாதம் துறை லைப்ரரிக்குப் போனேன். என் ரிப்போர்ட் அலமாரியில் மூன்றாவது தட்டில் இருந்தது. அதற்குள்ளேயே இரண்டாமாண்டுத் தம்பி ஒருவன் அதை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன், பன்னிரண்டாம் பக்கம் வரை வந்துவிட்டான். ஒரு நிமிஷம் குடு தம்பி என்று வாங்கி, பதினாலாம் பக்கத்தில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்தில், முதல் எஞ்சினின் டிரம் காலி, கட்டை ஸ்கிராப் ஷெட்டில் இருக்கிறது, காரணம் சாம்பல் அதிகமான ஆயில் என்று எழுதித் தேதி போட்டேன். திருத்திய ரிப்போர்ட்டை நானே துறைத்தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். மார்க்கைக் குறைப்பாரோ என்று வயிறு கலக்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தைப் போட்டார். ஒரு நகலை அந்த நிலையத்து மேனேஜருக்குத் துறை சார்பிலேயே அனுப்பச் சொன்னார். அனுப்பினோம்.

போன வாரம் ஆபரேட்டர் அண்ணன் போன் செய்தார். ஆயிலை மாற்றிவிட்டார்களாம், சாம்பல் குறைவான பழைய ஆயிலே திரும்ப வந்துவிட்டதாம். புதுக் கட்டைக்கு இண்டென்ட் போட்டிருப்பதாகவும் பேச்சாம். டிரம் எப்படி இருக்கு அண்ணே என்றேன். போனை வைக்காதே என்று சொல்லிவிட்டு நடந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் சத்தம் இல்லாத அமைதியில் ஸ்பேனரால் தட்டுவது கேட்டது.

டங்ங்...